கைக்குட்டையை நாலாக மடித்தவர்

1

மிஸ்டர் பார்ஸ்லோ இறந்துபோன செய்தி போன வாரம் வந்தது. இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய தங்கை மகள், உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த துணுக்கை ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பியிருந்தார். மொத்தம் ஆறு வரி. நெடுங்கால நடிகர், மேடையிலும் திரையிலும் பட்லர், போலீஸ்காரர், பாதிரியார் முதலிய வேடங்களை ஏற்றவர், பிற்காலத்தில் வெளிநாட்டில் ஆசிரியர், பிள்ளைகள் இல்லை. கீழே ஒரு கார்ப்பெட் கடை விளம்பரம். விளம்பரம் துணுக்கைவிடப் பெரியது.

அந்த ஆறு வரியில் அவருடைய முக்கியமான இரண்டு வேடங்கள் விட்டுப்போயிருக்கின்றன. ஒன்று, தமிழ்ப் படத்தில் வெள்ளைக்காரக் கலெக்டர். இன்னொன்று, ஷார்ஜா ரோலாவில் என் வீட்டில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு, என் முதலாளி. இரண்டாவதற்குப் பார்வையாளர் ஒருவர்தான். டிக்கெட் கிடையாது, நெய்ச்சோறு உண்டு. இங்கிலாந்துப் பத்திரிகைக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. நம் ஊர்க்காரர்களாவது தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

2

அப்போது நான் ரோலாவில் ஒரு திரைத்துணிக் கடையில் சேல்ஸ்மேன். ஜன்னல் திரை, சோபா உறை, பள்ளிவாசலுக்குக் கார்ப்பெட் எல்லாம் உண்டு. மிஸ்டர் பார்ஸ்லோ ஒரு நாள் வந்து நாடக மேடைக்குத் திரை வேண்டும் என்றார். ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் நாடக வாத்தியாராக வந்திருந்தார். எத்தனை அடி என்று கேட்டேன். அவர் அடியைச் சொல்லவில்லை. “மூடும்போது சத்தம் வரக் கூடாது. திறக்கும்போது கொஞ்சம் வரலாம்” என்றார். இருபது வருட வியாபாரத்தில் என்னிடம் அப்படி யாரும் துணி கேட்டதில்லை.

கடையிலிருந்த எல்லா வெல்வெட்டையும் தடவிப் பார்த்தார். தூசி ஒட்டிய விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தார். பிறகு அதை இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, கட்டைவிரலால் அழுத்திவிட்டுக் கோட்டுப் பைக்குள் வைத்தார். வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில், மனிதர் கோட்டில் நிற்கிறார். அன்று வாங்காமல் போனார், மறுநாள் வந்து வாங்கினார், அதற்கு மறுநாள் சும்மா வந்தார். அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள் பால் விடாத சுலைமானி டீ குடிக்க வருவது வழக்கமாகிவிட்டது.

நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். என்னுடையது கடை இங்கிலீஷ். மீட்டர், கலர், லாஸ்ட் பிரைஸ் என்ற எல்லைக்குள் அது நன்றாகவே ஓடும். எல்லைக்கு வெளியே போனால் இந்திக்கும் அரபிக்கும் தாவிவிடுவேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். தலையாட்டுவதுதான் என் தொழிலே என்று அவரே ஒரு நாள் சொன்னார்.

3

அவருடைய வாழ்க்கையை எனக்குச் சொன்னபோது ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. குடோனில் என்ன சரக்கு இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

ஆரம்பத்தில் சின்ன ஊர்களில் மேடை நாடகம். வாரத்துக்கு ஒரு நாடகம், எல்லாவற்றிலும் இவர் பட்லர். “டீ தயார் அம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். ஒரு நாடகத்தில் அதுவும் இல்லை, கதவைத் திறந்துவிட்டால் போதும். அப்புறம் டெலிவிஷன். அதில் வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றி நின்று புருஷன் செத்துப்போன சேதியைச் சொல்லும் போலீஸ்காரர். கொஞ்சம் வயதானதும் அதே சேதியை ஆஸ்பத்திரி வராந்தாவில் சொல்லும் டாக்டர். இன்னும் கொஞ்சம் வயதானதும் அடக்கம் பண்ணும் பாதிரியார். அதற்கும் மேலே வயதானபோது, இனி நான் பிணமாகத்தான் நடிக்க வேண்டும் என்று தோன்றியது, அதனால் ஷார்ஜாவுக்கு வந்தேன் என்றார். இடையில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்திருக்கிறார். அவள் இவருடைய நாடகத்துக்கு ஒரே ஒரு முறை வந்து, உச்சரிப்பு தெளிவாக இருந்தது என்று சொன்னாளாம்.

“ரோட்டில் ஜனங்கள் உங்களைக் கண்டுபிடிப்பார்களா?” என்று கேட்டேன். நம் ஊர் நடிகர்கள் காரைவிட்டு இறங்க முடியாமல் தவிப்பது எனக்குத் தெரியும்.

“முகத்தைக் கண்டுபிடிப்பார்கள். எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்பார்கள். நீங்கள்தானே என் பல் டாக்டர் என்பார்கள். ஒரு அம்மாள் என்னைத் தன் கணவரின் அண்ணன் என்று நினைத்து, சொத்து விஷயமாகத் திட்டினாள். நடிகர் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.”

“வருத்தமில்லையா?”

“பல் டாக்டராக நன்றாகச் செய்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம்?” என்றார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது தொழில் பழக்கம்.

தமிழ்ப் படம் நடித்த கதையும் அப்போது சொன்னதுதான். மெட்ராஸுக்கு வரவழைத்து, அங்கிருந்து தென்காசிப் பக்கம் கூட்டிப்போய், சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறார்கள். கதாநாயகனைத் தூக்கில் போட உத்தரவிடும் கலெக்டர். தமிழை மனப்பாடம் செய்து பேசினார். கடைசியில் வேறு யாரோ டப்பிங் குரல் கொடுத்துவிட்டார்கள். படத்தின் பெயர்கூட அவருக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. நானும் பார்த்ததில்லை. எங்கள் காயல்பட்டினத்தில் சினிமாக் கொட்டகையே கிடையாது.

4

இப்போது என் கதைக்கு வருகிறேன். கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். எங்கள் அரபு முதலாளி, அதாவது அர்பாப், வேறு இடம் தேடுவார் என்று நினைத்தோம். அவர் “கலாஸ்”, முடிந்தது, என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எங்கள் விசாக்களைக் கேன்சல் செய்தார். அடுத்த விசா கிடைக்க ஒரு மாத அவகாசம். அஜ்மானில் ஒரு கடைக்காரர் விசா எடுத்துத் தருவதாகச் சொன்னார். என் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் உண்டு என்பதால் விண்ணப்பம் திரும்பி வந்தது. வாப்பா பெயரைச் சேர்த்துக் கொடுத்தேன், பாட்டனார் பெயர் எங்கே என்று கேட்டார்கள். பாட்டனாரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

சரியாக அந்த மாதத்தில்தான் சவூதி அல் கோபாரில் இருக்கும் செய்யது காக்கா எங்கள் வீட்டுக்கு வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். அவரும் ஊர்க்காரர்தான், அங்கே வாட்ச் கடை வைத்திருப்பவர். அவருடைய மகன் தோஹாவில் இன்ஜினியர். என் மகள் நஸ்ரினுக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. போட்டோ பார்த்து இரண்டு பக்கமும் சம்மதம், இனி பெரியவர்கள் நேரில் வந்து பார்த்துப் பேசுவதுதான் பாக்கி.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கல்யாணமானால் பெண் புருஷன் வீட்டுக்குப் போக மாட்டாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் மகள் பிறந்தால் வீடு கட்ட வேண்டும். நஸ்ரினுக்கு ஊரில் கட்டிய வீடு கீழ்த்தளத்தோடு நின்றிருந்தது. மேல்தளத்தில் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வேலை இல்லை என்றால் அந்தக் கம்பி அப்படியேதான் நிற்கும். செய்யது காக்கா கேட்கப்போகிற முதல் கேள்வியே வீடு எதுவரை வந்திருக்கிறது என்பதுதான்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நான் ஒன்று போதும் என்று முடிவு செய்தேன். பழைய கடையை ஒரு வெள்ளைக்காரர் வாங்கிவிட்டார், புது இடத்தில் பெரிதாகத் திறக்கப்போகிறார், நான்தான் மேனேஜர். வெள்ளைக்காரர் கைவசம் இருந்தார்.

நஸ்ரினிடம் சொன்னேன். ஷார்ஜாவிலேயே வளர்ந்த பிள்ளை. “வாப்பா, திஸ் இஸ் ஸோ எம்பராஸிங்” என்றாள். அதில் ‘வாப்பா’ மட்டும்தான் நம் பாஷை. அவளுடைய உம்மா நல்ல தமிழிலேயே பதில் சொன்னாள்.

“வேல போயிட்டுண்டு சொல்லுங்கோ. அல்லா பாத்துக்குவான்.”

“அல்லா பாப்பான். செய்யது காக்கா பாக்க மாட்டார்” என்றேன்.

5

மிஸ்டர் பார்ஸ்லோ இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார். பொய் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். அவருக்கு வேறு கவலை.

“இந்த மனிதர் எத்தனை வருடமாகத் திரைத்துணி வியாபாரத்தில் இருக்கிறார்?”

“எந்த மனிதர்?”

“நான்.”

“இருபது வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

“உங்கள் வீட்டுக்கு வருகிறாரே, அவருக்கு என்ன வேண்டும்?”

“சாப்பிட வருகிறார்.”

“அது அவர் செய்கிற காரியம். மனதுக்குள் என்ன வேண்டும்?”

எனக்கு அலுப்பாக இருந்தது. “நெய்ச்சோறு” என்றேன். அதைக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சரி, அதை வைத்துச் செய்யலாம் என்றார். முதலாளி வேடம் கொஞ்சம் பெரியது, முதலாளியின் கணக்கராக வரட்டுமா என்றும் கேட்டார். முடியாது என்றேன். வாழ்நாளில் முதன்முறையாகக் கிடைத்த பெரிய வேடத்தை அவர் அவ்வளவு சந்தோஷமில்லாமல்தான் ஏற்றுக்கொண்டார்.

6

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செய்யது காக்கா வந்தார். கனத்த உருவம், கனத்த மௌனம். அவருடைய மனைவி நேரே உள்ளறைக்குப் பெண்களிடம் போய்விட்டார். மிஸ்டர் பார்ஸ்லோ பத்து நிமிடம் தாமதமாக வந்தார். முதலாளி தாமதமாகத்தான் வருவார் என்று அவரே தீர்மானித்திருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் விருந்தென்றால் சஹன். பெரிய தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, மூன்று நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவோம். அறுபத்தெட்டு வயதில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தபோது முழங்கால் இரண்டும் படீர் என்றன. முகம் அசையவில்லை. நெய்ச்சோறு, ஆட்டிறைச்சியில் களறிக் கறி, கத்திரிக்காய் மாங்காய். தன் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுத்து, மூன்று விரலால் கௌரவமாகச் சாப்பிட்டார். இப்படிப்பட்டவரிடம் வேலை செய்கிறோம் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

செய்யது காக்கா ஆரம்பித்தார். “ஊட்டு வேல எதுமட்டும் வந்தீக்குது தம்பி?”

“பெருநாளைக்குள்ள முடிஞ்சிரும் காக்கா.”

அவர் மிஸ்டர் பார்ஸ்லோவைப் பார்த்து, “சார், பிசினஸ் குட்?” என்றார்.

“ஜன்னல் இருக்கிற வரைக்கும் திரை விற்கும்” என்றார் மிஸ்டர் பார்ஸ்லோ. நான் தமிழில் சொன்னேன். காக்கா தலையாட்டினார். பதில் பிடித்திருந்தது. அதற்கப்புறம் அவர் என்னைக் கேள்வி கேட்கவில்லை, கறித்துண்டுகளைப் பொறுக்கி என் பக்கம் தள்ளிவிட்டார். சஹனில் அப்படித் தள்ளினால் காரியம் கூடிவருகிறது என்று அர்த்தம்.

கை கழுவி வந்து உட்கார்ந்தோம். இனிப்புக்கு வட்டலப்பம் வந்தது. மிஸ்டர் பார்ஸ்லோ கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்தார். இரண்டாக மடித்தார். மறுபடி மடித்தார். கட்டைவிரலால் அழுத்தினார். பைக்குள் வைத்துவிட்டு, வட்டலப்பம் வைக்கலாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தார்.

செய்யது காக்காவின் கை பாதியில் நின்றது.

“தம்பி, இது யாரு?”

“என் மொதலாளி காக்கா.”

“இல்ல. இவன் தூக்குல போட்டவன்.”

அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“கோபார்ல பேச்சிலரா எட்டுப் பேரு ஒரு ரூம்ல கெடந்தோம். அங்க தியேட்டர் ஏது? ஒரே ஒரு கேஸட்டு, கஸ்டம்ஸ்ல மாட்டாம எப்புடியோ வந்திச்சு. நாலு வருஷம் அத ஒண்ணத்தான் பாத்தோம். அதுல கலெக்டரு இவருதான். மத்த படத்துல வெள்ளக்காரன் கத்துவான், சவுக்கால அடிப்பான். இவரு கத்தலியே தம்பி. லேஞ்சிய எடுத்து நாலா மடிச்சாரு, பையில வச்சாரு, தலய ஆட்டுனாரு. முடிஞ்சுது. எங்க மேனேஜரும் அப்புடித்தான், சத்தமே போட மாட்டான். அந்த லேஞ்சிய மடிக்கிறப்பல்லாம் எனக்கு ஈரக்கொல நடுங்கும்.”

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் மிஸ்டர் பார்ஸ்லோ.

நான் சுருக்கமாகச் சொன்னேன். நீங்கள் ஒரு படத்தில் கலெக்டராக நடித்தவரா என்று கேட்கிறார்.

அந்த முகத்தை நான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக ஒன்றும் தெரியாத முகம். ஒரு கணம் அதில் எல்லாம் தெரிந்தது. சின்னப் பிள்ளையைக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புமே, அப்படித் திரும்பினார். பிறகு என்னைப் பார்த்தார். உள்ளறைத் திரையைப் பார்த்தார். அதன் பின்னால் என் மகள் இருந்தாள்.

“மன்னிக்க வேண்டும்” என்றார். “நான் ஆயுள் முழுக்கத் திரைத்துணி வியாபாரம்தான்.”

செய்யது காக்கா வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “மாஃப் கரோ சார்” என்றார். ஏதோ பறிகொடுத்தவர் போல வட்டலப்பத்தைச் சாப்பிட்டார்.

7

மிஸ்டர் பார்ஸ்லோவைப் பள்ளிக்கூடக் குவார்ட்டர்ஸில் விட என் பழைய காரில் கிளம்பினேன். ரோலா சதுக்கத்தைச் சுற்றும்போது கேட்டார்.

“அவர் நிறையப் பேசினார். நீங்கள் கொஞ்சம்தான் சொன்னீர்கள்.”

முழுவதையும் சொன்னேன்.

“கைக்குட்டையா? கைக்குட்டை என்று அவராகவே சொன்னாரா?”

“அவராகத்தான்.”

“நீங்கள் கேட்கவில்லையே?”

“இல்லை.”

“மறுபடி சொல்லுங்கள்.”

மறுபடி சொன்னேன். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

“கத்தச் சொன்னார்கள்” என்றார். “கைக்குட்டையை மடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். என்ன வேண்டுமானாலும் செய்துகொள், கேமரா கதாநாயகன் மேல்தான் இருக்கும் என்றார்கள். அந்தப் படத்தில் என்னுடையது அது ஒன்றுதான். குரல்கூட என்னுடையதில்லை. யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.”

அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகை நேராக வைத்து, திரைத்துணி முதலாளியாகவே உட்கார்ந்திருந்தார். வேடத்தை இன்னும் கலைக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. நாற்பது வருடம் ஒரு மனிதர் காத்திருந்த ஒரே ரசிகரிடம், என் வீட்டுச் சாப்பாட்டில் வைத்து, அது நான் இல்லை என்று சொல்லவைத்திருக்கிறேன். அடுத்த யூ-டர்னில் வண்டியைத் திருப்பினேன். எங்கே போகிறோம் என்று கேட்டார். சொல்லவில்லை.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் மணல் பார்க்கிங்கில் ஏசியைப் போட்டபடி அவரை உட்காரவைத்துவிட்டு மேலே போனேன். செய்யது காக்கா சுலைமானி குடித்துக்கொண்டிருந்தார்.

“காக்கா, அது கலெக்டர்தான். என் மொதலாளி இல்ல. எனக்கு வேலயே இல்ல. விசா கேன்சல் ஆயிட்டு. ஊட்டுல மேல்தளம் கம்பியோட நிக்கிது.”

உள்ளறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. காக்கா கிளாஸைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

“வேல இல்லண்டா இல்லண்டு சொல்ல வேண்டியதுதானே? என்னப் பாத்தா அவ்வளவு கேவலமா தெரியுதா ஒமக்கு?”

கல்யாணம் போய்விட்டது என்று தெரிந்தது. என் மகளின் முகம் நினைவுக்கு வந்தது. காக்கா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“அவரு கீழயா ஈக்காரு?”

லிஃப்ட் வரத் தாமதமானது. படியிலேயே இறங்கிவிட்டார்.

எங்களைப் பார்த்ததும் மிஸ்டர் பார்ஸ்லோ காரைவிட்டு இறங்கி, கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

“உண்மையைச் சொல்லிவிட்டேன்” என்றேன்.

“எவ்வளவு?”

“எல்லாவற்றையும்.”

“நான் நன்றாகத்தானே செய்துகொண்டிருந்தேன்” என்றார், கொஞ்சம் கோபமாகவே.

செய்யது காக்கா அவர் முன்னால் போய் நின்றார். என்னிடம், “ஒரே ஒரு தடவ மடிக்கச் சொல்லும்” என்றார்.

நான் சொன்னேன். மிஸ்டர் பார்ஸ்லோ கைக்குட்டையை எடுத்தார். பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்குக்கு இன்னும் நேரமிருந்தது, வெயில் தணியவில்லை. முதல் மடிப்பிலேயே திரைத்துணி முதலாளி போய்விட்டார். இரண்டாவது மடிப்பில் அங்கே நின்றவரை எனக்குத் தெரியாது. கட்டைவிரலால் அழுத்தி, பைக்குள் வைத்து, தலையை அசைத்தார். பக்கத்தில் வண்டி கழுவிக்கொண்டிருந்த பட்டாணிய டிரைவர் குழாயைத் திருகி நிறுத்தினார். செய்யது காக்காவின் கை தானாகவே போய்த் தன் கழுத்தைத் தொட்டது.

“இதான்” என்றார். “இதேதான்.” கண் கலங்கியிருந்தது.

மிஸ்டர் பார்ஸ்லோ அந்தக் கைக்குட்டையைப் பையிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல் அவரிடம் நீட்டினார். வேடம் இல்லாமல் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பல் வரிசை அவ்வளவு சரியில்லை.

8

இரண்டு நாள் கழித்து அல் கோபாரிலிருந்து போன் வந்தது. பையனுடைய உம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டதாம், களறிக் கறியையும் பிடித்துவிட்டதாம். “ஊட்ட மெதுவா கட்டும். கம்பிக்கு என்ன, நிக்கட்டும்” என்றார் காக்கா. நான் பொய் சொன்னதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போனை வைக்கும்போது மட்டும், “மொதலாளிய எனக்கும் புடிச்சிதான் இருந்திச்சு” என்றார்.

பாட்டனார் பெயரோடு விசா வந்தது. மறுவருடம் வீடும் முடிந்தது, கல்யாணமும் முடிந்தது. அதற்குள் மிஸ்டர் பார்ஸ்லோவுக்கு வயது காரணமாக விசாவைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். என் வயதைச் சரியாகக் கண்டுபிடித்த முதல் அலுவலகம் இது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

துணுக்கைப் படித்ததும் தோஹாவில் இருக்கும் நஸ்ரினிடம் சொன்னேன். “ஓ நோ வாப்பா” என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுகையில் இங்கிலீஷ் இல்லை. அப்புறம் செய்யது காக்காவைக் கூப்பிட்டேன்.

“கலெக்டர் மௌத்தாயிட்டார் காக்கா.”

லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

“அந்த லேஞ்சி” என்றார். “அவரு மடிச்ச மடிப்புலயே ஈக்குது தம்பி. நான் பிரிக்கல.”

கொஞ்சம் பொறுத்து, “தொவைக்கவும் இல்ல” என்றார்.